இல்லாத குழிக்கு ஒரு புகார்

நிரஞ்சனா தன் வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய், ஒரு முழ அகலமும் நாலு விரல் ஆழமும் உள்ள ஒரு குழி. தன் வீட்டு வாசலில், தார் ரோட்டில், அது இருப்பதாக நகராட்சிக்கு எழுதினாள். கூடவே படமும் அனுப்பினாள். படத்தில் இருந்தது, காலையில் அம்மா வாசல் தெளித்த தண்ணீர் வழிந்து தேங்கிய ஈரம். வெயில் ஏறுவதற்குள் மாடியிலிருந்து சாய்வாக எடுத்தால் ஈரத்திட்டு அசல் குழியைப் போலவே தெரியும். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் வடிவமைத்துச் சம்பாதிக்கிற பெண்ணுக்கு இந்தச் சூட்சுமம்கூடத் தெரியாதா என்ன?

பொய்க்குக் காரணம் குமரகுரு.

அவனை முதன்முதலில் வரவழைத்தது நிஜமான குழிதான். செங்கோடம்பாளையத்தில் அப்போது எல்லா வண்டிக்கும் கடிவாளம் மாட்டி முடித்திருந்தார்கள். கடிவாளம் என்றால் உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. எந்த வீதியில் எவ்வளவு வேகம் போகலாம் என்று அதுதான் முடிவு செய்யும். ஓட்டுகிறவர் வளைக்கலாம், திருப்பலாம், வேகத்தைத் தொட முடியாது. ஒரு வீதியில் குழி இருக்கிறது, கம்பி தொங்குகிறது என்று யாராவது ‘வீதிக்கண்’ செயலியில் புகார் போட்டால், அந்த இடம் வந்ததும் எல்லா வண்டியும் தானாக எருமை நடைக்கு வந்துவிடும். சரிசெய்து முடிக்கும் வரை அப்படித்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவு ஈயோட்டிக்கொண்டிருந்தது.

நிரஞ்சனாவின் அப்பா மோகனசுந்தரம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை, கழுத்திலேயே தொங்கியது. குழியை அடைக்க வந்த மஞ்சள் வண்டியை விசிலடித்து நிறுத்தியது அவர்தான்.

“ஏன் தம்பி, மனுசன் ஓட்டுற வண்டிக்கு பெட்டி எதுக்கு வேகம் சொல்லுது? எங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?”

வண்டியிலிருந்து இறங்கிய களப்பொறியாளன் தொப்பியைக் கழற்றிச் சிரித்தான். “கண்ணு இருந்துச்சுங்க சார். நீங்க எல்லாரும் அத போன்ல வெச்சிருந்தீங்க.”

அப்பாவுக்குப் பதில் பிடித்துவிட்டது. காபிக்குச் சொன்னார். நிரஞ்சனா கொண்டுவந்து கொடுத்தாள்.

“யாரு வேணும்னாலும் புகார் போட்டுடலாமா?” என்று அவள் கேட்டாள். கேள்வியைவிட அவன் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்பதே அவளுக்கு முக்கியமாக இருந்தது.

“மொதல்ல அப்படித்தாங்க இருந்துச்சு. கடைவீதியில ஒரு ஜவுளிக்கடைக்காரர் தினமும் கடை முன்னால ஒரு குழின்னு போடுவாரு. வண்டியெல்லாம் ஊர்ந்து போகும், உள்ள இருக்கறவங்க நல்லாச் சேலை பாத்துட்டுப் போவாங்க. ஒடனே எதுத்த கடைக்காரரும் ஒரு குழி வெட்டுனாரு, போன்லதான். ஊரே நின்னுபோச்சு. அப்புறம்தான் சொல்மதிப்பு கொண்டாந்தோம். உண்மையச் சொன்னா மதிப்பு ஏறும். பொய் சொன்னா எறங்கும். ஆளுக்கும் உண்டு, எடத்துக்கும் உண்டு. ரொம்ப எறங்கிட்டா புகாரை மெசினே தள்ளிவிட்டுரும்.”

“எல்லாத்துக்கும் அப்படியா?”

“துக்கத்துக்கு மட்டும் மதிப்பு பாக்கறதில்லீங்க. சாவு விழுந்துருச்சு, வீதியில பந்தல் போடறோம்னு சொன்னா அந்த நிமிசமே வழிய அடைச்சுரும். அதுல போயி யாருங்க பொய் சொல்லப்போறாங்க?”

குழியை அடைத்தான். இன்னொரு முறை சிரித்தான். மஞ்சள் வண்டி திரும்பி மறைந்தது. நிரஞ்சனா மாடிக்குப் போய், ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘களப்பொறியாளர்’ என்று அடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

அதற்குப் பிறகுதான் ஈரத்திட்டு.

பொய்ப் புகாருக்கு அவன் வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நேரில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. காபி போடுகிற சாக்கில் சமையலறைக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்தால், அவன் ரோட்டில் ரூபாய் நாணய அளவுக்குத் தாரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“அடைச்சாச்சுங்க” என்றான், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

எதை அடைத்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏதாவது பொறியாளர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் இன்னொரு ஈரத்திட்டுக்குத் தைரியம் கொடுத்தது. இந்த முறை அவள் காபிக்குச் சர்க்கரை போடும்போது வெளியே துளைப்பான் ஓடுகிற சத்தம் கேட்டது. தட்டோடு வந்தபோது தோசைக்கல் அளவுக்குப் புதுத் தார் ஆவி பறந்தது. பாவம், தேடிப் பிடித்து ஒரு குழியைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

“இந்த வீதிக்கு அடிக்கடி வர வேண்டியிருக்குதுங்க” என்றான் குமரகுரு.

“மோசமான ரோடு” என்றாள் நிரஞ்சனா.

“ரொம்ப மோசம்ங்க” என்று அவனும் ஒத்துக்கொண்டு, காபியை ஆற அமரக் குடித்தான். போகும்போது எண் கேட்டான். பணி சம்பந்தமாக என்று சொன்னான். அன்று ராத்திரி அனுப்பிய முதல் செய்தி பணி சம்பந்தமாக இல்லை.

இரண்டு மாதம் இப்படிக் காற்றில் போனது. பிறகு ஒரு சாயங்காலம் பேசும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

“நாளைக்கு ஒரு விசாரணைங்க. எங்க பெரிய ஆபீசர் ஜெயசீலி மேடம் கூப்பிட்டிருக்காங்க. போனைக்கூட வெளிய வாங்கி வெச்சுக்குவாங்க. அதனால பேச முடியாது.”

“எதுக்கு விசாரணை?”

“உங்க வாசல்தாங்க” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். “மெசின் பழைய படத்தையெல்லாம் மறுபடி அலசியிருக்குது. பாத்துக்கலாம், விடுங்க.”

அவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போய்விடுமோ என்று அவனிடம் கேட்க வாய் வரவில்லை. ஈரத்தைக் குழி என்று சொன்னது யார்?

மறுநாள் காலையில் வாசல் தெளித்த அம்மா கோகிலவாணி, பாதியில் வாளியோடு உள்ளே வந்தாள். இரண்டு மாதமாகக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று தினமும் சொல்லும் புலம்பல்தான் வரப்போகிறது என்று நிரஞ்சனா நினைத்தாள்.

“ஏனுங்க, ரோடு தண்ணியக் குடிக்குதுங்க.”

“நேத்து என்ன நாடகம் பாத்த?” என்றார் அப்பா, பேப்பரை விட்டுத் தலை தூக்காமல்.

“வந்து பாருங்க மொதல்ல.”

போய்ப் பார்த்தார்கள். தோசைக்கல் தாரைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். அது மெல்ல வளைந்து எதிர்வீட்டு ராஜாமணி அக்காவின் மாவு மில் வரை ஓடியது. அம்மா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தாள். ஓடவில்லை, தேங்கவில்லை. விரிசலுக்குள் இறங்கிக் காணாமல் போனது. அப்பா கைத்தடியால் ரோட்டைத் தட்டினார். நாலடி தள்ளித் தட்டினால் ‘டக்’கென்றது. இங்கே தட்டினால் பெரிய மேளம் போல ‘டொம்’மென்றது.

“அடியில மண்ணு இல்ல அம்மிணி” என்றார். இப்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. “மேல தார் மட்டும் அப்பளமாட்ட நிக்குது.”

நிரஞ்சனா புகார் போட்டாள். போன் உடனே பதில் சொன்னது: ‘இந்த இடத்தின் சொல்மதிப்பு போதாது. புகார் ஏற்கப்படவில்லை.’

ராஜாமணி அக்கா தன் போனில் போட்டாள். அதே பதில். வீதியில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் போட்டார்கள். அதே பதில்.

“என்ற வாயில இதுவரைக்கும் ஒரு பொய் வந்ததில்ல. என்னையுமா நம்பாது?” என்று ராஜாமணி அக்கா பொருமினாள்.

“உங்களை நம்புதுங்கக்கா. எங்க வாசலைத்தான் நம்பல” என்றாள் நிரஞ்சனா. தன் பொய் தன்னோடு போகும் என்று நினைத்திருந்தாள். அது வீதி முழுக்க நோட்டீஸ் ஒட்டிவைத்திருக்கிறது.

ராஜாமணி அக்கா அடுத்த காரியத்துக்குப் போனாள். எந்தக் காலத்திலும் நம் ஊரில் குழியைக் கண்டால் செய்கிற காரியம். வேப்பமரத்தில் ஒரு கொப்பு ஒடித்து விரிசலில் நட்டு வைத்தாள். பார்க்கிறவன் ஒதுங்கிப் போவான் அல்லவா? கம்பத்துக் கேமரா பார்த்தது. அக்காவின் போன் இனிமையாக மணியடித்தது. ‘மரக்கன்று நட்டமைக்கு நன்றி. உங்களுக்கு ஒரு பச்சை இலை வழங்கப்படுகிறது.’

“எலையும் மயிரும்” என்றாள் அக்கா.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குறுக்கே போட்டார்கள். சற்று நேரத்தில் நகராட்சியின் ரோந்து வண்டி ஆளில்லாமல் வந்தது. ‘அனுமதியற்ற வழிமறிப்பு’ என்று பெண் குரலில் சொல்லி, நாற்காலிகளையும் வேப்பங்கொப்பையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. அது ஏறி இறங்கியதில் மயிரிழை விரலளவு ஆனது.

மதியத்துக்குமேல் அந்த வீதியில்தான் பள்ளிக்கூட பஸ்கள் போகும். நெடுஞ்சாலைக்கு அதுதான் குறுக்கு. பஸ்ஸில் ஓட்டுநர் கிடையாது, ஆயாம்மா மட்டும் உண்டு. முதல் பஸ்ஸில் நிரஞ்சனாவின் கூடப்பிறந்த அக்கா மகள் இனியா வருவாள், ஜன்னல் ஓரமாக. நிரஞ்சனா பள்ளிக்கூடத்துக்குப் பேசினாள். “வழிய வீதிக்கண்தான் மாத்த முடியும் மேடம், எங்க கையில இல்ல” என்றார்கள். நகராட்சிக்குப் பேசினாள். சொல்மதிப்பு போதாது என்று அங்கேயும் அதே பெண் குரல். குமரகுருவுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. யாரால் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

“ரோட்டு நடுவுல போயி நின்னுட்டா என்ன?” என்றாள் அம்மா.

“ஆள் நின்னா பஸ்ஸு ஒதுங்கிப் போயிரும் கோகிலா” என்றார் அப்பா. “ஒதுங்கறதுக்கு எடமும் இருக்குது. அந்த எடத்துக்குக் கீழதான் ஒண்ணும் இல்ல.”

நிரஞ்சனா மாடியில் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். திரையில் பாதி முடித்த வேலை திறந்திருந்தது. யாரோ ஒரு பெரியவருக்கான கண்ணீர் அஞ்சலி. பூமாலைச் சட்டகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

“அப்பா, துக்கம். துக்கத்துக்கு மதிப்பு பாக்காது. அவரே சொன்னாரு.”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு விழ வேண்டும். யார் சாவு?

“என்ற பேரப் போடு” என்றார் மோகனசுந்தரம்.

“வாயக் கழுவுங்க” என்றாள் அம்மா. “போனுலயே ஆனாலும் நான் தாலியறுக்க மாட்டேன். என்ற பேரப் போடு கண்ணு. சுமங்கலியாப் போனேன்னு இருக்கட்டும். நல்ல சாவு.”

“நீ செத்தா எனக்கு யாரு காபி போடறது?”

“போனுலதானுங்க சாகறேன்.”

“போனுலயும் வேண்டாம்.” அப்பா சட்டென்று சொன்னார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு நேராக அன்பைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். “பொய்ச்சாவு சொன்னா ஆயுசு கூடும்பாங்க. எனக்குச் சக்கரை இருக்குது. கூடுற ஆயுசு எனக்கே கூடட்டும். போடு அம்மிணி.”

அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி அறைக்குள் போய்விட்டாள். அதுதான் சம்மதம்.

நிரஞ்சனா உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்குச் செய்த சட்டகம்தான். அப்பாவின் முகத்தை அதற்குள் வைத்துவிட்டு ஒரு முறை திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டாள்.

“அந்த நீலச் சட்டை படம் வேண்டாம்” என்று தோளுக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னார். “விளையாட்டு விழாவுல எடுத்தது இருக்குமே, அதப் போடு. அதுல தொப்பை தெரியாது.”

அனுப்பினாள். மூச்சு விடுவதற்குள் வீதிக்கண் பதில் சொன்னது. ‘ஆழ்ந்த இரங்கல்.’

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து வீதியே வாயடைத்து நின்றது. இரண்டு முனையிலும் வண்டிகள் தாமாகவே நின்று, தாமாகவே திரும்பின. கம்பத்து விளக்குகள் பகலிலேயே மங்கலாக எரிந்தன. ரோந்து வண்டி மறுபடி வந்தது. இந்த முறை சத்தமில்லாமல், பின்விளக்கை அணைத்துக்கொண்டு. அள்ளிப்போன நாற்காலிகளை வேப்ப நிழலில் ஒழுங்காக இறக்கி வைத்தது.

“பாரு, உயிரோட கேட்டா குடுக்கல” என்றார் அப்பா.

தெருமுனையில் மஞ்சள் பஸ் தெரிந்தது. வேகம் குறைந்தது. யோசிப்பது போல ஒரு கணம் நின்றது. கடைவீதிப் பக்கம் திரும்பியது. ஜன்னல் ஓரத்தில் இனியா இவர்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனாள். நிரஞ்சனா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாவு என்று பதிவானால் வேறு சிலதும் தானாக நடக்கும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. துக்க வீட்டு வண்டிக்கு வழி உண்டு. ஐஸ் பெட்டிக்காரர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். யாரும் பேசுவதற்குள், பெட்டியை இறக்கி ரோட்டோரமாக, மிகச் சரியாகத் தோசைக்கல் தாருக்குமேல் வைத்தார்.

“யோவ், அங்க வெக்காத” என்று மோகனசுந்தரம் வாசலிலிருந்து கத்தினார்.

பெட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த போனில் பூமாலைக்குள் ஒரு முகம். வாசலில் அதே முகம் விசிலோடு. மனிதர் ஒரே தாவலில் ராஜாமணி அக்காவின் மில்லுக்குள் போய் விழுந்தார். அந்தத் தாவல்தான் அவரைக் காப்பாற்றியது. பெரிதாகச் சத்தம் எதுவும் வரவில்லை. ஈரமான வைக்கோல் போர் உட்காருவது போல ரோடு உட்கார்ந்தது. ஐஸ் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாக இறங்கி, ஆளுயரப் பள்ளத்தின் அடியில் போய் நின்றது. வீதியின் பாதி அகலம் காணவில்லை.

“எனக்கு வந்த பெட்டி” என்று அப்பா மெல்லச் சொன்னார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்தவள், அன்று முழுக்க விடவில்லை.

இந்த நேரத்தில்தான் தெருமுனையில் குமரகுரு தெரிந்தான். விசாரணை இடைவேளையில் போனைத் திருப்பி வாங்கி, இரங்கல் செய்தியைப் பார்த்ததும் ஓடிவந்திருக்கிறான். கையில் ரோஜா மாலை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முகம் பேயறைந்தது போல இருந்தது. பின்னாலேயே செயற்பொறியாளர் ஜெயசீலி, நரைத்த கொண்டையும் கையில் கோப்புமாக மூச்சு வாங்க வந்தார். விசாரிக்கப்படுகிறவன் பாதியில் எழுந்து ஓடினால் விசாரிக்கிறவர் என்ன செய்வார்?

“சார்...” என்றான் குமரகுரு. வாசற்படியில் நிற்கிற மோகனசுந்தரத்தைப் பார்த்து மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“வாங்க தம்பி. மாலைய வீணாக்க வேண்டாம், சாமி படத்துக்குப் போட்டுக்கலாம்.”

நிரஞ்சனா எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயசீலி பள்ளத்தையும், பெட்டியையும், செத்தவரையும் வரிசையாகப் பார்த்தார். அவர் குரலில் கோபத்தைவிட அலுப்பே அதிகம் இருந்தது.

“ஏம்மா, நீதான் அந்தப் பொண்ணா? இந்தாளு இல்லாத குழிய ரெண்டு தடவ அடைச்சதா எழுதியிருக்கான். படத்துல இருக்கறது வெறும் தண்ணி. ஏன்டா அப்படி எழுதுனன்னு காலையில இருந்து கேக்கறேன், வாயத் தொறக்க மாட்டேங்கறான்.”

நிரஞ்சனா அவனைப் பார்த்தாள். “தெரிஞ்சேவா?”

“பொய்ப் புகார்னு போட்டா உங்க சொல்மதிப்பு எறங்கிருமுங்க” என்றான் அவன் தரையைப் பார்த்து.

“நல்லாச் சேந்தீங்க” என்றார் ஜெயசீலி. பிறகு பள்ளத்தைக் காட்டி, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார். “சரி, ஒண்ணு சொல்றேன். கீழ ஓடறது அந்தக் காலத்துக் குடிதண்ணிக் குழாய். எப்பவோ போக வேண்டியது. நீ இந்த எடத்தையே சுத்திச் சுத்தி வந்தது, சந்தேகப்பட்டுத்தான்னு எழுதிடலாம். உன்ற வேலையும் தப்பிக்கும். என்ன சொல்ற?”

நிரஞ்சனாவுக்குள் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. ஆனால் குமரகுரு பள்ளத்தின் விளிம்பில் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். மண் கரைந்து வெளியே தெரிந்த குழாயில் இன்னும் தண்ணீர் கசிந்தது. கசிந்த இடம் உடைந்தோ துருப்பிடித்தோ இல்லை. ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக, சுத்தமாக இருந்தது.

அவன் எழுந்து நின்றான்.

“அப்படி எழுத வேண்டாங்க மேடம். அந்த ஓட்டை நான் போட்டது.”

ஜெயசீலியும் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார்.

“மொதல் தடவ சும்மா தார் மட்டும் தட்டுனேன். அடுத்த தடவ, மெசின் படத்தை ஒத்துப் பாத்தா இவங்க மாட்டிக்குவாங்கன்னு தோணுச்சு. அதனால நெசமாவே ஒரு குழி இருக்கட்டும்னு துளைப்பான் வெச்சு நானே தோண்டுனேன். அடியில குழாய் இவ்வளவு மேல ஓடும்னு நெனைக்கல. அப்ப தண்ணி விடாத நேரம், பட்டதும் தெரியல. அப்பப் புடிச்சு உள்ளுக்குள்ள மண்ணைக் கரைச்சிருக்குது.”

நிரஞ்சனாவுக்கு அந்தத் துளைப்பானின் சத்தம் காதில் கேட்டது. சர்க்கரைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுச் சிரித்ததும் நினைவு வந்தது. ஜன்னல் ஓரத்தில் கையாட்டிக்கொண்டே போன இனியா. அவள் படியிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“அவரு தோண்டுனது என்ற பொய்க்குள்ளங்க. மொதல்ல குழி போட்டது நான்தான். அதையும் எழுதிக்கோங்க.”

ஜெயசீலி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு இருபது வருச சர்வீசு. தப்பிக்கறதுக்கு வழி குடுத்தும் வேண்டாம்னு சொன்ன ஆளுகளை இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றார். எழுத ஆரம்பித்தார். எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

குமரகுருவின் சம்பள உயர்வு போனது. மஞ்சள் வண்டி போனது. அலுவலகத்தின் மூலையில் ஒரு மேசை போட்டு, இதுவரை மெசின் தள்ளிவிட்ட புகார்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார வைத்தார்கள். நிரஞ்சனாவின் சொல்மதிப்பு பூஜ்யத்துக்கு வந்தது. பள்ளம் மூடப்பட்டது, குழாய் மாறியது, அம்மாவின் வாளிக்குத் தண்ணீர் மளமளவென்று விழுந்தது.

பதினாறாம் நாள் துக்க அடைப்பு தானாக விலகி வழி திறந்தது. மோகனசுந்தரம் மட்டும் செத்தே இருந்தார். வீதிக்கண்ணில் போட்ட எதையும் அந்தப் பகுதியின் களப்பொறியாளர் நேரில் பார்த்துத்தான் முடித்து வைக்க வேண்டும். அந்தப் பகுதிக்குக் களப்பொறியாளர் இல்லை. அவருக்கும் அவசரம் இல்லை. இரங்கல் பக்கத்தில் பழைய மாணவர்கள் எழுதியதை மாலையானால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். “நூறு மீட்டர்ல என்னை ஓட வெச்ச தெய்வம்னு எழுதியிருக்கான் பாரு. உயிரோட இருந்தப்ப வணக்கம் சொன்னதில்ல அந்தப் பய.”

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மஞ்சள் வண்டி மறுபடி வாசலில் நின்றது. குமரகுரு இறங்கினான், கொஞ்சம் இளைத்திருந்தான்.

“வண்டி திரும்பக் குடுத்துட்டாங்களா?” என்றாள் நிரஞ்சனா. தினமும் பேசிக்கொண்டிருந்தவன்தான். இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

“இன்னைக்குத்தாங்க. மொத வேலை சாரோட சாவு.”

மோகனசுந்தரம் சட்டையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குமரகுரு சட்டப்படி அவரைப் பார்த்தான். மூச்சு விடுகிறார் என்று உறுதிசெய்துகொண்டான். திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று ‘சரிசெய்யப்பட்டது’. மற்றது ‘பொய்ப் புகார்’.

“சரி பண்ணியாச்சுன்னே போட்டுருங்க தம்பி” என்றாள் அம்மா. “பொய்யின்னு போட்டா மறுபடி வீதிக்குக் கெட்ட பேரு.”

அவன் விரல் நடுவில் நின்றது. நிரஞ்சனாவைப் பார்த்தான்.

“உள்ளதப் போடுங்க” என்றாள் அவள்.

போட்டான். வீதியில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் மணியடித்தது. எதிர்வீட்டிலிருந்து ராஜாமணி அக்கா சத்தமாகவே வாசித்தாள். “உங்கள் வீதியின் சொல்மதிப்பு பூஜ்யம். இனி இந்த வீதியிலிருந்து வரும் ஒவ்வொரு புகாரையும் களப்பொறியாளர் நேரில் வந்து பார்த்த பின்னரே முடிவு செய்வார்... இதென்னடி புதுசா இருக்குது?”

“புது விதிங்கக்கா” என்றான் குமரகுரு. காது மடல் சிவந்திருந்தது. “மெசின் தள்ளிவிட்டதுல பாதிக்குமேல நெசமான புகாருங்க. மூணு மாசமா உக்காந்து படிச்சேன். மதிப்பு கொறைஞ்ச எடத்துக்குத்தான் மனுசன் போயிப் பாக்கணும்னு எழுதிக் குடுத்தேன். மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

“எல்லா ஊருக்குமா?” என்றாள் நிரஞ்சனா.

“எல்லா எடத்துக்கும்தாங்க. ஆனா இந்தப் பகுதியில பூஜ்யம் இந்த ஒரு வீதிதான்.”

உயிர் வந்த மோகனசுந்தரம் விசிலைக் கழுத்தில் நேராகப் போட்டுக்கொண்டார். மகளைப் பார்த்தார், மஞ்சள் வண்டியைப் பார்த்தார், உள்பக்கம் திரும்பினார்.

“கோகிலா, டம்ளர் ஒண்ணு சேத்து எடுத்து வையி. தெனமும் வேணும்போல இருக்குது.”

வாசலில் அம்மா தெளித்த ஈரம் புதுத் தாரில் ஒரு முழ அகலத்துக்குத் தேங்கி, அசல் குழி போலவே கிடந்தது. நிரஞ்சனா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி கொண்டுவரப் போனாள்.